யாரிடமிருந்து இந்த ரகசியம்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 ஏப்ரல் 9ஆம் தேதி நண்பகல் கடந்த வேளையில் அமெரிக்காவின் கேப் கனாவெரல் ஏவுதளத்திலிருந்து டெல்டா-4 ஹெவி ராக்கெட் கடைசி முறையாகப் புறப்பட்டது. 1960இல் தொடங்கிய டெல்டா வரிசைக்கே அதோடு முடிவு வந்தது. மூன்று பெரிய உருளைகளை அருகருகே பிணைத்துக் கட்டிய, ஏறக்குறைய 70 மீட்டர் உயர ராக்கெட் அது. எரிபொருள் திரவ ஹைட்ரஜன். எஞ்சினை மூட்டுகிற நொடியில் அடியில் சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன் வாயு குப்பென்று பற்றி, தீ ராக்கெட்டின் உடம்பைத் தழுவி மேலே ஏறும். வெளிப்பூச்சு கருகிவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் வெடித்தே விட்டது என்று பதறுவார்கள். அந்தத் தீயை விலக்கிக்கொண்டு ராக்கெட் மெல்ல எழும்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே, மார்ச் 28 அன்று, அதை ஏவியிருக்க வேண்டும். ஏவுதளத்துக்கு நைட்ரஜன் வாயு கொண்டுவரும் குழாய் அமைப்பில் பம்பு பழுதானதால் நிறுத்தினார்கள். அதையெல்லாம் மறைக்கவில்லை. எந்தப் பம்பு, என்ன கோளாறு என்று உடனே அறிவித்தார்கள். ஏவும் காட்சியை உலகமே நேரலையில் பார்த்தது. ஆனால் சில நிமிடங்களில், செயற்கைக்கோளை மூடியிருந்த கூம்பு கழன்று விழுந்ததும், நேரலை நின்றுவிட்டது. உள்ளே இருந்தது என்ன? என்.ஆர்.ஓ.எல்.-70 என்ற பெயர்தான் பதில். என்.ஆர்.ஓ. என்பது அமெரிக்காவின் உளவுச் செயற்கைக்கோள்களைக் கவனிக்கும் அரசு அலுவலகம். 1961இல் தொடங்கிய அந்த அலுவலகம் இருக்கிறது என்பதையே அமெரிக்க அரசு 1992 செப்டம்பரில்தான் ஒப்புக்கொண்டது.

இருந்தாலும் வானத்தைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் அதை ஊகித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய ராக்கெட் கிழக்கு நோக்கிப் பறந்து, மணிக்கணக்கில் ஏறி நேராகப் புவிநிலைப் பாதைக்குப் போகிறது என்றால், அந்தப் பாதைக்கு அத்தனை எடையில் என்.ஆர்.ஓ. அனுப்பும் பொருள் ஒன்றுதான். வானொலி அலைகளை ஒட்டுக்கேட்கும் செயற்கைக்கோள். வெளி ஆய்வாளர்கள் அந்த வரிசையை ஓரியன் என்கிறார்கள். 2010இல் இதே வகை ராக்கெட் ஒன்று புறப்படவிருந்தபோது, என்.ஆர்.ஓ. இயக்குநராக இருந்த புரூஸ் கார்ல்சன் உலகிலேயே மிகப் பெரிய செயற்கைக்கோள் அதில் போகிறது என்று மேடையிலேயே சொன்னார். எதற்கு அவ்வளவு பெரிது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எதற்கு என்பதை விளக்க இயற்பியலைக் கொஞ்சம் தொட வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை வைத்தால், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். 1945 அக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு பிரிட்டிஷ் வானொலித் தொழில்நுட்ப இதழில், இப்படி மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் பேச்சையும் ஒலிபரப்பையும் எட்டவைக்கலாம் என்று எழுதினார். பின்னர் இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் காலமான அதே கிளார்க்தான். அது மின்னணுக் கருவிகளில் வால்வு இருந்த காலம். வால்வு கெட்டால் மாற்ற ஆள் வேண்டும் என்பதால் அந்த நிலையங்களில் மனிதர்கள் குடியிருப்பார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். 1964இல் சின்காம்-3 அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைக் கடல் கடந்து அனுப்பியது.

பேச்சை எட்டவைக்க நல்ல இடம் கேட்பதற்கும் நல்ல இடம். சின்காம்-3 போய் நான்கே ஆண்டுகளில், 1968 ஆகஸ்டில், அந்த உயரத்தை ஒட்டிய பாதைக்கு கேன்யன் என்ற அமெரிக்க ஒட்டுக்கேட்கும் செயற்கைக்கோள் போனது.

அந்தக் காலத்துத் தொலைபேசிக் கோபுரங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்த் தொலைபேசி நிலையங்களின் பக்கத்தில், முரசு போன்ற ஆன்டெனாக்களுடன் இரும்புச் சட்டகமாய் நின்றவை. ஒரு கோபுரம் மைக்ரோவேவ் கற்றையை 40, 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த கோபுரத்துக்கு அனுப்பும். நூற்றுக்கணக்கான தொலைபேசி உரையாடல்கள் அந்த ஒரே கற்றையில் போகும். ஆனால் அடுத்த கோபுரத்தின் ஆன்டெனா கற்றையின் சிறு பகுதியைத்தான் பிடிக்கும். மிச்சம் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். பூமி வளைந்துவிடும், கற்றை வளையாது. ஆகவே அது தொடுவானத்தைத் தாண்டி விண்வெளிக்குள் போய்விடும். அது போகும் திசையில், 36,000 கிலோமீட்டர் தொலைவில், போதுமான அளவு பெரிய ஆன்டெனா காத்திருந்தால் அந்த உரையாடல்கள் அதில் விழும். சோவியத் ஒன்றியமோ பரந்த நாடு. உறைந்த மண்ணில் கம்பி புதைப்பது கடினம் என்பதால் மைக்ரோவேவ் கோபுரங்களையே பெரிதும் நம்பியிருந்தது.

அத்தனை தூரம் பயணம் செய்த அலையில் மிச்சமிருக்கும் ஆற்றல் மிக மிகக் குறைவு. அதைத் திரட்டப் பரப்பு வேண்டும். எழுபதுகளின் செயற்கைக்கோள்களுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் அகல ஆன்டெனா இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓரியனுடையது 100 மீட்டர் அளவில் இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. மெல்லிய உலோக வலை குடை மாதிரி மடங்கிப் போய் மேலே விரிகிறது. அதனால்தான் அது உலகிலேயே பெரியது, அதனால்தான் அத்தனை பெரிய ராக்கெட். கீழே பறக்கும் உளவுக்கோள் ஓர் ஊரின் மேல் சில நிமிடங்கள் இருந்துவிட்டுக் கடந்துவிடும். இதுவோ பூமிப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கைப் பார்த்தபடி இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்கும். மறைந்து நடப்பதற்கு நேரம் பார்த்து ஒதுங்கிக்கொள்ள எதிராளிக்கு வழியே கிடையாது.

இதில் நன்மை இல்லையா? பெரிய நன்மை உண்டு. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொல்லாமல் மேலே போனால் என் வாதம் நேர்மையாக இருக்காது.

1970 ஜூனில் ரயோலைட் என்ற செயற்கைக்கோளை சி.ஐ.ஏ. அனுப்பியது. அதன் முக்கியமான வேலை தொலைபேசி கேட்பதன்று. சோவியத் பொறியாளர்கள் ஒரு நீண்டதூர ஏவுகணையைச் சோதிக்கும்போது, அது பறந்தபடியே தன் நிலையை வானொலி வழியாகத் தரைக்குச் சொல்லும். முடுக்கம் என்ன, எரிபொருள் எவ்வளவு, எந்தக் கட்டம் எப்போது பிரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பெயர் டெலிமெட்ரி. அதைப் பிடித்துப் படித்தால் அந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு எடை சுமக்கும், எத்தனை குண்டுகளைத் தனித்தனியே விடும் என்று கணக்கிடலாம். 1972இல் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இரு நாடுகளும் ஒன்றன் சரிபார்ப்புக் கருவிகளில் மற்றொன்று கைவைக்காது என்று எழுதிக்கொண்டன. சரிபார்ப்புக் கருவிகள் என்று அவர்கள் குறித்தது பெரிதும் உளவுச் செயற்கைக்கோள்களைத்தான். 1979இல் ஈரானில் புரட்சி வந்தது. சோவியத் சோதனைகளைக் கேட்பதற்காக காஸ்பியன் பக்கம் பெஹ்ஷஹரிலும் கிழக்கே கப்கானிலும் வைத்திருந்த தரை நிலையங்களை அமெரிக்கா இழந்தது. அந்த ஆண்டு கையெழுத்தான இரண்டாவது ஒப்பந்தத்தில், சரிபார்ப்பைத் தடுக்கும்படி டெலிமெட்ரியைச் சங்கேதமாக்கக் கூடாது என்று ஒரு விதியே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். உன் ஏவுகணை பேசுவதை நான் கேட்பேன், நீ வாயை மூடக் கூடாது என்று இரண்டு அணு வல்லரசுகள் ஒப்புக்கொண்டன. ஒருவர் பேச்சை ஒருவர் நம்பாத இருவருக்கு நடுவே ஒப்பந்தம் சாத்தியமானது, கேட்கும் கருவி இருந்ததால். நான் போரை வெறுப்பவன். அதனாலேயே இந்தக் கருவியை ஒரேயடியாக வெறுக்க என்னால் முடியவில்லை.

ரயோலைட் கேட்டதெல்லாம் ஆஸ்திரேலியாவின் நடுவில் இறங்கியது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தென்மேற்கே, அரெர்ந்தெ பழங்குடி மக்களின் மண்ணில், பைன் கேப் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து கீழே வரும் கற்றையைக் கடலில் நிற்கும் சோவியத் கப்பல் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே எந்தக் கடற்கரையிலிருந்தும் மிகத் தள்ளி அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். 1966இல் இரு அரசுகளும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் அதற்கு வைத்த பெயர் விண்வெளி ஆராய்ச்சி நிலையம். வெள்ளைக் குவிமாடங்களுக்கு உள்ளே என்ன ஆராய்ச்சி என்று ஆஸ்திரேலிய மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1983 நவம்பரில் பெண்கள் நூற்றுக்கணக்கில் கூடி அதன் வாசலில் முகாமிட்டார்கள். வேலியைத் தாண்டியதற்காகக் கைதான 111 பெண்களும் காவலர் பெயர் கேட்டபோது ஒரே பெயரைச் சொன்னார்கள்: கேரன் சில்க்வுட். அணு ஆலையின் பாதுகாப்புக் குறைகளைக் கேள்வி கேட்டு, 1974இல் கார் விபத்தில் இறந்துபோன அமெரிக்கத் தொழிலாளியின் பெயர் அது.

அந்தப் பெண்களுக்குத் தெரியக் கூடாதென்று மறைத்த விஷயம் அதற்கு ஏழெட்டு ஆண்டு முன்பே மாஸ்கோவுக்குத் தெரியும்.

ரயோலைட்டைச் செய்த டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தில், கலிபோர்னியாவில், கிறிஸ்டோபர் பாய்ஸ் என்ற இளைஞன் 1974இல் வேலைக்குச் சேர்ந்தான். அப்போது வயது 21. தந்தை முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி. சில மாதங்களில் பாய்ஸை ரகசியச் செய்தித் தொடர்பு அறையில் உட்காரவைத்தார்கள். 1975இலிருந்து அவன் அந்த அறைக் காகிதங்களை எடுக்க, பால்ய நண்பன் டால்டன் லீ அவற்றை மெக்சிகோ நகரத்தின் சோவியத் தூதரகத்துக்குக் கொண்டுபோய் விற்றான். 1977 ஜனவரியில் இருவரும் பிடிபட்டார்கள். பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ.வில் ரஷ்ய மொழி வல்லுநராக இருந்த ஜெஃப்ரி பிரைம் பல ஆண்டுகள் சோவியத்துக்கு வேலை செய்ததும் 1982இல் வெளிவந்தது. 38 ஆண்டு சிறைத் தண்டனை. பாய்ஸ் வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்தது. அதைப் பற்றி 1979இல் புத்தகம் வந்தது, 1985இல் திரைப்படமே வந்தது.

இந்தக் காலக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு 1984 டிசம்பருக்கு வாருங்கள்.

டிஸ்கவரி விண்கலம் முழுக்க முழுக்க ராணுவத்துக்காகப் பறக்கப்போகிறது. விண்கலப் பயணங்களில் அதுவே அவ்வகையில் முதலாவது. விமானப்படையின் செய்தித் தொடர்புத் தலைமை அதிகாரி பத்திரிகையாளர்களைக் கூட்டி, கலத்தில் போவது என்ன என்று ஊகம் எழுதினால்கூட விசாரணை வரும் என்று எச்சரித்தார். இரண்டே நாளில், டிசம்பர் 19 அன்று, வாஷிங்டன் போஸ்ட் எழுதிவிட்டது: அது வானொலிச் சமிக்ஞைகளைக் கேட்கும் செயற்கைக்கோள், சோவியத்துக்கு மேலே புவிநிலைப் பாதையில் நிற்கப்போகிறது. பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கர் கொதித்தார். எதிரிக்குத் துணைபோகும் செயல் என்றார். எந்த எதிரி? ரயோலைட்டின் காகிதங்களை ஏறக்குறைய பத்து ஆண்டு முன்பே காசு கொடுத்து வாங்கியவர்கள். அந்தப் பத்திரிகைச் செய்தியில் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் அமெரிக்க வாசகர்கள்தாம். அந்தச் செயற்கைக்கோளுக்கும் ராக்கெட்டுக்கும் வரி கட்டியவர்கள்.

1985 ஜனவரி 23 அன்று புறப்பட வேண்டிய கலம், புளோரிடாவில் கடுங்குளிர் இறங்கியதால் ஒரு நாள் தள்ளிப்போனது. 24ஆம் தேதி பிற்பகல் எந்த நேரம் என்று சொல்லவில்லை. மணிக்கணக்கான இடைவெளி ஒன்றைக் கொடுத்துவிட்டு, புறப்பட ஒன்பது நிமிடம் இருக்கும்போதுதான் கடிகாரத்தைக் காட்டினார்கள். விண்வெளியில் ஐந்து பேரும் பேசியது எதுவும் வெளியே வரவில்லை. மேக்னம் என்று வெளி ஆய்வாளர்கள் அழைக்கும் அந்தச் செயற்கைக்கோளை விடுவித்துவிட்டு, மூன்று நாளில் இறங்கினார்கள்.

இந்தப் பயணத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஒட்டுக்கேட்பைப் பற்றிய பேச்சில் அதற்கு இடமில்லை என்று சிலர் சொல்லலாம். நான் விட மாட்டேன். டிஸ்கவரியின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்தபோது, இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களைத் தாண்டிச் சூடான வாயு கசிந்திருந்தது. கரியேறிக் கறுத்த கிரீஸை ரோஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் பார்த்தார். ஏவிய நேரத்தில் இணைப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ். அதுவரையான பயணங்களில் அதுதான் மிகக் குளிர்ந்தது. குளிரில் ரப்பர் இறுகிவிடுகிறது என்று அவர் சொல்லத் தொடங்கினார். ஓர் ஆண்டு கழித்து, 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை ஏவ வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் மன்றாடியபோது கையில் வைத்திருந்த முக்கியமான சான்று அந்த ராணுவப் பயணத்தின் வளையங்கள்தாம். மேலதிகாரிகள் கேட்கவில்லை. மறுநாள் சேலஞ்சர் வெடித்து இறந்த ஏழு பேரில் எலிசன் ஒனிசுகாவும் ஒருவர். ஹவாயில் பிறந்தவர். ஒட்டுக்கேட்கும் செயற்கைக்கோளைக் கொண்டுபோன ஐவரில் ஒருவராக, அதே கசிந்த ராக்கெட்டின் மேல் அமர்ந்து ஓராண்டு முன் பறந்தவர் அவர். 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்நியன் முணுமுணுப்பதைக் கேட்கப் பெரும் பணம் செலவழித்த ஓர் அரசு, ஒரே தொலைபேசி மாநாட்டில் எதிர்முனையில் கத்திய தன் ராக்கெட்டின் பொறியாளர்களின் குரலுக்குச் செவி கொடுக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிரிட்டனிலும் இதே கதை. அந்நாடு ஸிர்கான் என்ற பெயரில் தனக்கென ஓர் ஒட்டுக்கேட்கும் செயற்கைக்கோளைத் திட்டமிட்டது. ஏறக்குறைய 50 கோடி பவுண்டு செலவு. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தெரிவிக்காமலே வேலை நடந்தது. 1987 ஜனவரியில் டங்கன் கேம்ப்பெல் என்ற பத்திரிகையாளர் அதை எழுதினார். பி.பி.சி.க்காக எடுத்த படமும் இருந்தது. காவல்துறை கிளாஸ்கோவில் பி.பி.சி. அலுவலகத்தைச் சோதனையிட்டது. அந்தப் படத்தை நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ராபின் குக் முயன்றபோது சபாநாயகர் தடுத்துவிட்டார். செலவு தாங்காது என்று அதே ஆண்டு திட்டத்தையே கைவிட்டார்கள். பணத்தை ஒதுக்கும் சபை அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கக் கூடாதாம்!

ஆஸ்திரேலியாவில் இன்னும் தெளிவாக நடந்தது. 1999இல் பைன் கேப் உடன்பாட்டை நீட்டிப்பது பற்றி ஆராய நாடாளுமன்றத்தின் ஒப்பந்தக் குழு உட்கார்ந்தது. அந்த நிலையம் என்ன செய்கிறது என்று குழுவுக்கு ரகசியமாகக்கூட விளக்க அரசு மறுத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத் திறந்திருக்கும் கதவு எங்கள் மண்ணிலேயே எங்களுக்கு அடைத்திருக்கிறது என்று குழு தன் அறிக்கையில் மனம் நொந்து எழுதியது. அந்தக் குழுவுக்குச் சாட்சியம் தந்தவர்களில் ஒருவர் டெஸ்மண்ட் பால். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். திறந்த ஆவணங்களையும் ஆன்டெனாக்களின் படங்களையும் வைத்தே பைன் கேப்பின் வேலையை உலகுக்கு விளக்கியவர். ஆயுதக் கட்டுப்பாட்டுக்கு அது தேவை என்று பல ஆண்டுகள் அதை ஆதரித்தும் வந்தார்.

அதே டெஸ்மண்ட் பால் பிற்காலத்தில், 2014 வாக்கில், இனி அதற்காக வாதாட என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார். காரணம் ட்ரோன். வானத்தில் நிற்கும் அந்த ஆன்டெனா ஏவுகணைகளோடு நிற்கவில்லை. கைபேசியும் வானொலிக் கருவிதான். ஒரு கைபேசி எங்கிருந்து பேசுகிறது என்று இடம் கண்டுபிடிப்பதில் இந்தச் செயற்கைக்கோள்கள் பங்கேற்கின்றன என்பதை, அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. இடம் தெரிந்தால் ட்ரோன் அங்கே போகும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைக் கிராமங்களில் அப்படித்தான் குண்டு விழுந்தது. கைபேசியைப் பிடித்திருந்தவர் யார், பக்கத்தில் யார் படுத்திருந்தார் என்பதை அத்தனை உயரத்திலிருந்து எந்த ஆன்டெனாவும் சொல்லாது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஏவுகணையைக் கேட்ட வரை அதைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் இருந்தது. எதிரே ஓர் அரசு இருந்தது, தனக்கும் அதே போன்ற கருவி இருந்ததால் அது எல்லையை வற்புறுத்தியது. மனிதரைக் கேட்கத் தொடங்கியபோது எதிரே யாருமில்லை. மலையடிவாரத்தில் கைபேசி வைத்திருப்பவன் எந்த மாநாட்டிலும் கையெழுத்திட மாட்டான். அவனுக்காகச் சட்டம் ஒன்றுதான் பேச முடியும். அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய சபைகளிடமிருந்துதான் இத்தனை ஆண்டுகள் இதை மறைத்தார்கள்.

தொழில்நுட்ப நுணுக்கத்தை மறைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். மறைக்கட்டும். எந்த அலைவரிசையில் கேட்கிறோம், எவ்வளவு மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்க முடிகிறது என்பது தெரிந்துவிட்டால் எதிராளி வாயை மூடிக்கொள்வான். அது நியாயமான ரகசியம். ஆனால் எதற்காகக் கேட்கிறோம், யாரைக் கேட்கலாம், யார் அனுமதி தருகிறார், எவ்வளவு செலவு என்பவை ரகசியம் ஆக முடியாது. 1998 ஆகஸ்டில் இதே வகைச் செயற்கைக்கோள் ஒன்றைச் சுமந்த டைட்டன் ராக்கெட் புறப்பட்டு ஏறக்குறைய 40 விநாடியில் வெடித்தது. நூறு கோடி டாலருக்கு மேல் கடலில் விழுந்தது. வயரின் மேலுறை சிதைந்து மின்கசிவு ஏற்பட்டு, வழிகாட்டும் கணினிக்கு ஒரு கணம் மின்சாரம் போனதுதான் காரணம் என்று விமானப்படையே விசாரித்து வெளியிட்டது. அப்படி வெளியிட்டதால் அமெரிக்காவின் பாதுகாப்புக்கு என்ன குறைந்துவிட்டது?

இதைச் சட்டத்துக்குள் கொண்டுவர வழி இல்லாமலும் இல்லை. கேன்யன் செயற்கைக்கோளின் தரை நிலையம் ஜெர்மனியின் பாட் ஐப்ளிங்கில் இருந்தது. பிற்காலத்தில் அந்த இடம் ஜெர்மன் உளவுத்துறை கைக்கு வந்தது. வெளிநாட்டாரின் தகவல் தொடர்பை அந்த உளவுத்துறை மொத்தமாக ஒட்டுக்கேட்பதை எதிர்த்து வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2020 மே மாதம் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஜெர்மன் அரசு எங்கே செயல்பட்டாலும் ஜெர்மன் அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகள் அதைக் கட்டுப்படுத்தும், வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டாரைக் கேட்பதற்கும் அது பொருந்தும். என் அறிவுக்கு எட்டியவரை இந்தத் துறையில் வந்த மிக உயர்ந்த தீர்ப்பு இது.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 1ஆம் தேதி பி.எஸ்.எல்.வி.-சி45 ராக்கெட்டில் எமிசாட் போனது. 436 கிலோ எடை, 748 கிலோமீட்டர் உயரம். புவிநிலைப் பாதை இல்லை, தாழ்வான பாதை. மின்காந்த அலைகளை அளப்பது அதன் நோக்கம் என்று இஸ்ரோ அறிவித்தது. எதிரி ராடார்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டறியும் கருவி அது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க முதன்முதலில் அனுமதித்தது அந்த ராக்கெட்டைத்தான். சென்னையிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடிய தூரம். பார்த்துக் கைதட்டினோம். கைதட்ட வேண்டியதுதான். நம் எல்லையில் ராடார் எங்கே இருக்கிறது என்று நம் படைக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளிலும் எழுபதுகளிலிருந்து உளவுத்துறைக் குழுக்கள் இருக்கின்றன. பிரிட்டன் 1994இல் சட்டம் போட்டு அப்படி ஒன்றை அமைத்தது. குறைபாடுகள் இருக்கலாம், ஆனால் இருக்கின்றன. இந்தியாவில் தொழில்நுட்ப உளவுக்கென்று 2004இல் என்.டி.ஆர்.ஓ. என்ற அமைப்பு உருவானது. அதை உருவாக்க நாடாளுமன்றம் சட்டம் எதுவும் இயற்றவில்லை. உளவு அமைப்புகளை மேற்பார்வையிட நாடாளுமன்றக் குழுவும் இல்லை. 2011இல் மணீஷ் திவாரி என்ற மக்களவை உறுப்பினர் அதற்கென்று தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 1996இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். நீதிமன்றம் தன் பங்கைச் செய்துவிட்டது. மிச்ச வேலை சட்டம் இயற்றுகிறவர்களுடையது.

நாளைக்கு இந்தியாவும் 36,000 கிலோமீட்டரில் ஓர் ஆன்டெனாவை விரிக்கும் திறன் பெறும். அன்றைக்கு அதைப் பார்க்க இதே மாடத்தில் நாம் உட்கார்ந்திருப்போம். அது போவதற்கு முன் சட்டம் வர வேண்டும். போன பிறகு வந்தால், வாஷிங்டனும் லண்டனும் கான்பெராவும் பட்ட பாட்டை நாமும் படுவோம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் தொகுதி மக்களவை உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கட்டும். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, சாலைக்கும் குடிநீருக்கும் மனு கொடுக்கும் அதே கையால் இந்த மனுவையும் கொடுங்கள்: உளவு அமைப்புகளுக்குச் சட்டம் வேண்டும், அவற்றை மேற்பார்வையிட நாடாளுமன்றக் குழு வேண்டும். வாசகர் வட்டத்தின் பெயரால் அந்த மனுவை எழுதித் தர நான் தயார். கையெழுத்துப் போட நீங்கள் முன்வர வேண்டும்.